ஆங் லீயின் 'ஹல்க்'

2003-ல் வந்த 'ஹல்க்' படத்தைச் சொதப்பல் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. குறைகள் இருக்கின்றன. கோபம் வந்தால் நாயகன் மாறும் அந்தப் பச்சை மனிதன், அதாவது ஹல்க், வரவே நெடுநேரம் ஆகிறது. இருட்டில் நடக்கும் கடைசி ஏரிச் சண்டையில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது. சரி.

ஆனால் இயக்குநர் ஆங் லீ எடுக்க நினைத்தது சண்டைப் படமே இல்லை, ஒரு அப்பா மகன் கதை. அப்பா தன் உடம்பில் செய்துகொண்ட சோதனை மகனின் ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. மகனுக்கு வரும் கோபம் அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து. சண்டைக்கு முன்னால் அப்பாவாக வரும் நிக் நோல்டியும் மகனாக வரும் எரிக் பானாவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இடத்தைப் பாருங்கள். அப்படியே மேடை நாடகம்! கத்திக் கத்தி ஓய்ந்த அப்பா கடைசியில் மின்கம்பியைக் கடிக்கிறார். சூப்பர் ஹீரோ படங்களில் இவ்வளவு வலியோடு ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

காமிக்ஸ் கட்டங்கள் மாதிரி திரையைப் பிரித்துக் காட்டியதும் வெறும் வித்தைக்காக இல்லை. கணினியில் உருவான ஹல்க்கின் அசைவுகளுக்காக, உடல் அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் உடையை மாட்டிக்கொண்டு ஆங் லீயே நடித்தும் இருக்கிறார். பாலைவனத்தில் தாவும்போது, காற்று முகத்தில் அடிக்க, ஹல்க் கண்ணை மூடி நிம்மதியாக இருப்பானே, அந்த ஒரு ஷாட்டுக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.