லாச்சிப் பிடி மாத்துற கதை

செப்ரெம்பர் 5, வெள்ளி

அம்மாட முதிரை மரக் கண்ணாடி மேசையில நாலு லாச்சி, நாலுக்கும் பிடி போயிட்டுது. எங்கட வீடு உப்புவெளி, கடல்காத்துக்கு குரோம் பூச்செல்லாம் எத்தினை நாளைக்கு நிக்கும், முதல்ல புள்ளி புள்ளியா பொரிஞ்சுது, பேந்து உரிஞ்சு கையைக் கீறுது, அம்மா கீழ் லாச்சியை சீலைத்துண்டு கட்டித்தான் இழுக்கிறா. மாரிக்கு முன்னம் மாத்தோணும். மழைக்கு மரம் ஊதி லாச்சி இறுகிச்செண்டா பிடிக்கு வாற இழுவை வேற.

செப்ரெம்பர் 6, சனி

கடைக்குப் போக முன்னம் ஓட்டைக்கு ஓட்டை அளந்தன். நடுவில இருந்து நடு எடுக்கிறது கஷ்டம், ஒரு ஓட்டையிண்ட இடப்பக்க விளிம்பில இருந்து மற்ற ஓட்டையிண்ட இடப்பக்க விளிம்புக்கு அளந்தா அதே கணக்குத்தான். 76 மில்லிமீற்றர், அதாவது பழைய 3 அங்குலம். கடையில கிடக்கிறதெல்லாம் 96, 128. கடைப்பொடியன் "இது வடிவு அண்ணே, ஓட்டை புதுசா போட்டா முடிஞ்சுது" எண்டான். லாச்சி முகத்தில போட்ட ஓட்டை போட்டதுதான் தம்பி, அழிக்கேலாது.

கிண்ணியாப் பாலம் தாண்டி தச்சு வேலை செய்யிற நானா ஒராள் இருக்கிறார், அவரிட்டக் கேட்டன். "முதிரையில பழைய ஓட்டைக்கு ஆப்பு அடிச்சா என்ன பொலிஷ் போட்டாலும் கண்ணுக்குத் தெரியும், பின்தட்டு வச்ச பிடியா எடுங்க" எண்டார். சரியான பேச்சு. பின்தட்டோட 96 பித்தளைப் பிடி எடுத்தன். ரெண்டு பக்கமும் 10 மில்லிமீற்றர் வெளியால தள்ளிப் புது ஓட்டை வரும், பழசு தட்டுக்குள்ள மறைஞ்சிடும். ஸ்டெயின்லஸ் எண்டா 316 எண்ட ரகம்தான் உப்புக்குத் தாங்கும், அதில மொலிப்டினம் கலந்திருக்கு, ஆனா கடையில இருந்ததில 304 ஆ 316 ஆ எண்டு ஒண்டும் போட்டிருக்கேல்ல, அதால விட்டுட்டன். நானா முதிரைத் துண்டு கொஞ்சம் சும்மாவே தந்தார்.

செப்ரெம்பர் 7, ஞாயிறு

போயா, வீட்டிலதான். பழைய ஸ்க்ரூ கழட்டுறதுதான் பெரிய வில்லங்கம். தலையிண்ட வெட்டுக்குள்ள இருந்த கறலை ஊசியால கிண்டி எடுத்து, சோல்டரிங் அயனை தலையில வச்சு சூடாக்கி, முதல்ல கொஞ்சம் இறுக்கி, பேந்து திருப்பினா கறல் உடைஞ்சு அசையும், நேரா கழட்ட வெளிக்கிட்டா வெட்டுத்தான் தேஞ்சு போகும். ஒண்டு மட்டும் பிடிவாதம், லாச்சிக்குள்ள இருந்து தலையை ட்ரில்லால அரைச்சு எடுத்தன், பிடி முன்னால கழண்டு வந்திட்டுது.

பழைய ஓட்டைக்குள்ள முதிரைக் குச்சி சீவி வூட் குளூ பூசி அடிச்சன். தட்டு மூடுறதுதானே எண்டு சும்மா விடக்கூடாது, புது ஓட்டை பக்கத்திலயே வாறதால நடுவில மெல்லிய மரம்தான் மிஞ்சும், அது பிளந்திடும். மிஞ்சின குச்சியை வாளால அறுக்கேக்க, பழைய போன் காட்டில ஓட்டை போட்டு குச்சியைச் சுத்தி வச்சன். வாள்பல் காட்டைக் கீறும், முகத்தைத் தொடாது.

செப்ரெம்பர் 10, புதன்

கந்தோரால வந்து பின்னேரம் ஓட்டை போட்டன். மெல்லிய பிளைவூட்டில நடுக்கோடு கீறி, 96க்கு ரெண்டு ஓட்டை போட்டு அச்சு. லாச்சி முகத்தில மாஸ்கிங் டேப், அதுக்கு மேல அச்சை வச்சு கூரால குத்தி அடையாளம். பின்னால, லாச்சிக்குள்ள, ஒரு பலகைத்துண்டை கிளாம்ப் போட்டு இறுக்கினன். இதுதான் முக்கியம், பிட் வெளியால வாற பக்கம்தான் மரம் பிய்யும், பின்னால பலகை இருந்தா பிய்ய இடமில்லை. முதல்ல 2 மில்லிமீற்றர் பிட், பேந்து 4 மில்லிமீற்றர் ஸ்க்ரூவுக்கு 4.5. முதிரை சும்மா மரமில்லை, அடிக்கடி பிட்டை வெளியால எடுத்து தூளைத் தட்டாட்டி கருகும். அம்மா கதவடியில நிண்டு "பாத்து, பாத்து" எண்டா, உதுதான் ட்ரில் சத்தத்தை விடப் பயம்.

செப்ரெம்பர் 11, வியாழன்

இனி ஸ்க்ரூ நீளம். லாச்சிப் பலகை 20 மில்லிமீற்றர், தட்டு 2, பிடிக்குள்ள ஸ்க்ரூ இறங்க ஒரு 6. ஆக 28 வேணும், பெட்டியில வந்தது 40. நீட்டு ஸ்க்ரூ பிடி ஓட்டையிண்ட அடியில முட்டி நிக்கும், பிடி ஆடும், ஆடுது எண்டு இன்னும் இறுக்கினா புரி போயிடும். வெட்ட முன்னம் ஒரு நட்டை ஏத்தி வச்சு, அறுத்து, அரத்தால தேய்ச்சு, நட்டைக் கழட்டினா அதுவே புரியை நேராக்கிக் குடுக்கும். ரெண்டு ஸ்க்ரூவையும் கையால பாதி ஏத்தி, உள்பக்கம் வாஷர் போட்டு, கடைசி இறுக்கு ஸ்க்ரூ ட்ரைவரால. ட்ரில்லால இறுக்கிறவை நல்லா இருக்கட்டும்.

அம்மா நாலையும் இழுத்து இழுத்துப் பாத்திட்டு கேட்டது, பித்தளை பொலிஷ் எப்ப போடுறது எண்டு. போடலாம், ஆனா தட்டைச் சுத்திக் கடதாசி வச்சிட்டுப் போடுங்கோ, இல்லாட்டி பொலிஷ் காய்ஞ்சு வாற வெள்ளை மா தட்டோரத்து மரத்தில போய் நிண்டிடும், பிறகு பல்லுத்தூரிகையோட நான்தான் இருக்கோணும்.