பந்தி ஹாலில் பத்து மீட்டர்

நான் ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தில் குண்டு பாயும் துப்பாக்கி, சுடக் கற்றுக்கொள்கிறேன். அதற்கு லைசென்ஸ் வேண்டாமா என்று எல்லோரும் முதலில் கேட்பதற்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருந்தால், அந்த ஏர் பிஸ்டலுக்கோ ரைபிளுக்கோ லைசென்ஸ் கேட்பதில்லை. இதை அம்மாவுக்குப் புரியவைக்கத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. கிளப்பில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆதார் நகல், போட்டோ, டாக்டர் சர்டிபிகேட், என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று ஒரு கடிதம், அப்புறம் பணம்.

வடபழனிப் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது கிளப். முன்பு அது சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலாம். சுடுகிறவருக்கும் இலக்குக்கும் நடுவே 10 மீட்டர் வேண்டும், பின்னால் நிற்க, நடக்க இடம் வேண்டும். பந்தி போட்ட நீள ஹால் அதற்குச் சரியாகப் பொருந்திவிட்டது. கை கழுவும் குழாய் வரிசையைக்கூட இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். பெல்லட் என்கிற குட்டிக் குண்டு ஈயம் என்பதால் கை கழுவாமல் யாரையும் வெளியே விடமாட்டார் கோச்.

இப்படி ஒரு மாடியில் துப்பாக்கி சுடலாம் என்பதே ரொம்பப் பழைய சங்கதி இல்லை. தேசிய ரைபிள் சங்கம் 1951-ல் தொடங்கியது. முதல் தலைவர் மாவ்லங்கர், மக்களவையின் முதல் சபாநாயகர். அந்தக் காலத்தில் இது லைசென்ஸும் திறந்தவெளிச் சுடுதளமும் கைவசம் இருந்தவர்களின் விளையாட்டு. ஏர் ரைபிள் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1984-ல், ஏர் பிஸ்டல் 1988-ல். 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் அந்தப் பத்து மீட்டரில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதே தூரம். 2024-ல் மனு பாக்கர் பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து பதக்கங்களோடு திரும்பியதைப் பார்த்து வந்த பிள்ளைகள்தான் இப்போது என் பேட்சில் பாதி. மீதிப் பாதி என்னைப் போல ஐ.டி. முதுகுவலிக்காரர்கள்.

முதல் வகுப்பு முழுக்கப் பாதுகாப்புதான். குழல் எப்போதும் இலக்குப் பக்கம். சுடாத நேரத்தில், உள்ளே குண்டு இல்லை என்று காட்ட, குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் இழை. 'ஸ்டாப்' என்று குரல் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இதில் தளர்வே கிடையாது. ஒரு பையன் பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டே பேசத் திரும்பினான். அன்றைக்கு முழுவதும் அவன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான்.

அதற்கப்புறம் வாரக்கணக்கில் பெல்லட்டே தரவில்லை. வெறும் பிஸ்டலைத் தூக்கி, வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரிகரை அழுத்த வேண்டும். ஒரு கிலோ சொச்சம் எடை, ஒரே கை, மற்ற கை பேன்ட் பாக்கெட்டில். பத்தாவது தடவைக்குள் தோள்பட்டை கெஞ்சும். சுவர் எதற்கு என்று அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: இலக்கு கண்ணில் பட்டால் மனசு அதன் பின்னால் ஓடிவிடும், சுவரில் ஓட இடமில்லை. பிஸ்டலில் பார்க்க வேண்டியது குழல் நுனியில் குறி பார்க்க இருக்கும் முன் சைட்டின் விளிம்பை மட்டும். இலக்கின் கறுப்பு வட்டம் மங்கலாகவே கிடக்கட்டும்.

டிரிகரை இழுக்கக் கூடாது. குறைந்தபட்சம் அரை கிலோ அழுத்தம் கேட்கும் அது, ஈர மாவில் விரலை அமிழ்த்துவது போல மெல்லப் போக வேண்டும். 'இப்போ சுடலாம்' என்று நினைத்தால் போச்சு, மணிக்கட்டு துள்ளிவிடும். எப்போது வெடித்தது என்று நமக்கே தெரியாத குண்டுதான் நடுவில் போய் விழும். இலக்கின் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். ரைபிள்காரர்களுக்கு அது வெறும் அரை மில்லிமீட்டர். அவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

சென்னை வியர்வைக்குக் கைப்பிடி வழுக்கும், துண்டு கட்டாயம். சொந்தமாகப் பிஸ்டல் வாங்க அவசரப்படாதீர்கள், கிளப் பிஸ்டலே போதும். கைப்பிடி அளவு மட்டும் உங்கள் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை அதில்தான்.

இப்போது மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 60 குண்டு, 75 நிமிஷம். கோச் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சாப்பிட்டுட்டு வா, ஆனா வயிறு முட்டச் சாப்பிடாதே" என்றார்.