மத்திய அரசுத் துறையிடம் சேவைக் கட்டணம் வாங்கிய அனுபவம்

நகராட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் மத்திய அரசுத் துறை ஒன்றுக்கு அலுவலகமும் குடியிருப்புமாகப் பெரிய வளாகம் இருக்கிறது. சொத்து வரி கேட்டு ஆண்டுதோறும் அறிவிப்பு அனுப்புவோம். 'அரசியலமைப்புச் சட்டம் 285-ஆவது பிரிவின்படி விலக்கு' என்று ஒரே பதில்தான் வரும். மன்றக் கூட்டத்தில் கவுன்சிலர்கள், "தண்ணியைக் கட் பண்ணுங்க, தானா வருவாங்க" என்பார்கள்.

அது முடியாது. 2009-இல் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சொத்து வரி கிடையாது, சேவைக் கட்டணம் உண்டு. எல்லாச் சேவையும் பெற்றால் மற்றவர்கள் கட்டும் சொத்து வரியில் 75 சதவீதம், ஓரளவு பெற்றால் 50, எதுவுமே பெறாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. நிலுவைக்காகச் சேவையை நிறுத்தக்கூடாது. தகராறு வந்தால் மாநில நகராட்சி நிர்வாகத் துறைச் செயலர் வழியாக மத்தியஸ்தம் பேசலாம்.

சேவைக் கட்டணம் என்று மாற்றிக் கேட்டதும் பேச்சு நகர்ந்தது. "நாங்களே போர் போட்டிருக்கோம், நாங்களே கூட்டிக்கிறோம், மூன்றில் ஒரு பங்குதான்" என்றார்கள். நாங்கள் 75-இல் நின்றோம். ஆணையர் செயலருக்கு எழுதினார்.

மத்தியஸ்தக் கூட்டத்துக்குச் சட்டப் புத்தகம், தீர்ப்பு நகல் எல்லாம் சுமந்து போனோம். யாரும் பிரிக்கவில்லை. பேச்சை நடத்திய அதிகாரி, "உள்ளே எந்த வேலையை யார் செய்றீங்கன்னு சேர்ந்து போய்ப் பார்த்து எழுதிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்கு முதலில் எரிச்சல்தான். ஆனால் விஷயம் முடிந்தது அந்தக் கூட்டு ஆய்வில்தான்.

உள்ளே கூட்டுவது அவர்களுடைய ஒப்பந்தக்காரர், உண்மை. கூட்டிய குப்பை எங்கே போகிறது? பின்வாசல் பக்கம் எங்கள் தொட்டிக்கு. காலையில் எங்கள் லாரிதான் அள்ளுகிறது. கழிவுநீரும் எங்கள் பாதாளச் சாக்கடையில்தான் சேர்கிறது. அவர்களுடைய பொறியாளர் மூடியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்துவிட்டு, "சரி, எழுதிக்குங்க" என்றார். எங்கள் பக்கமும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. தண்ணீரும் உள்ளே எரியும் விளக்குகளும் அவர்களுடையவை.

50 என்று முடிந்தது. அதன்பிறகுதான் உண்மையான இழுபறி. ஒப்பந்தத்துக்கு இங்கே மன்றத் தீர்மானம் வேண்டும், அங்கே நிதிப்பிரிவு ஒப்புதல் வேண்டும். மாநில அரசு அலுவலகங்கள் என்ன கட்டுகின்றன என்று அவர்கள் கேட்டு எழுத, அந்தப் பட்டியலைத் திரட்டுவதிலேயே நாள் போனது.

நிலுவை தவணைகளாக வந்துகொண்டிருக்கிறது. இப்போது அவர்களுக்கும் எங்களுக்கும் நடக்கும் கடிதப் போக்குவரத்தெல்லாம் குடியிருப்பில் புதிதாகக் கட்டிய பிளாக்கின் பரப்பளவைப் பற்றித்தான்.