எந்தக் கொக்கியை முதலில் கழற்றுவது?

ஜெர்மனியில் கிளைடர் ஓட்டப் பழகப்போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டது: "இஞ்சினே இல்லேன்னா எதுடா தூக்கும்?" இறக்கைதான்மா என்றேன். "அது ஒடிஞ்சா?"

முதல் சனிக்கிழமையே இந்தக் கேள்வியைப் பயிற்றுநரிடம் இறக்கிவைத்தேன். எழுபதை நெருங்கும் மனிதர். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் நடந்ததைச் சொன்னார். பிளானிக் எல்-13 என்ற செக்கோஸ்லோவாக்கிய அலுமினிய கிளைடர். பல நாடுகளில் பலருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த வண்டி. பறக்கும்போதே ஒரு இறக்கை பிரிந்து, உள்ளே இருந்த இருவரும் இறந்துபோனார்கள். இறக்கைக்குள் முதுகெலும்பு மாதிரி ஓடும் ஸ்பாரில் உலோகச் சோர்வு. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒருநாள் பொட்டென்று போகுமே, அதேதான். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க எல்-13களைத் தரையிறக்கி நிறுத்திவைத்தார்கள்.

நான் பழகியது ஏ.எஸ்.கே. 21. கண்ணாடியிழை, 17 மீட்டர் இறக்கை. இதற்கும் பறந்த மணிக்கணக்கு உண்டு; 3000 மணி ஆனதும் தனியாகப் பெரிய பரிசோதனை. "அதைப் பட்டறைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ உன் கையைப் பார்த்துப் பயப்படு" என்றார்.

கையின் கணக்கு இது. மணிக்கு 180 கி.மீ. வரை ஸ்டிக்கை, அதாவது ஓட்டும் கைப்பிடியை, முழுசாக இழுக்கலாம். வேகமானியில் சிவப்புக் கோடு, அதாவது தாண்டவே கூடாத வேகம், 280. அந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு அசைவுக்குமேல் கூடாது. மூக்கு கீழே போய் வேகம் ஏறிவிட்டால் பதறி இழுக்கத் தோன்றும். இழுத்துக்கொண்டே பக்கவாட்டில் திருப்பவும் தோன்றும். அப்படிச் செய்தால் ஒரு பக்க இறக்கைக்கு மட்டும் கூடுதல் சுமை. முதலில் இறக்கையைச் சமப்படுத்து, பிறகு மெல்ல இழு. இதை எனக்குள் ஏற்ற அவருக்கு மூன்று வாரம் பிடித்தது.

டிரெய்லரிலிருந்து இறக்கையை எடுத்து மாட்டுவதைப் பற்றி நிறைய எழுதலாம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். மாட்டி முடித்ததும் ஒருவர் வெளியே ஏலரானை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையை, அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே ஸ்டிக்கை அசைக்க வேண்டும். எதிர்ப்பு கைக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்கு மாட்டியதுபோல இருக்கும் இணைப்பு மாட்டாமலே இருந்து, அதனால் செத்தவர்கள் உண்டு.

என்னை உண்மையில் உலுக்கியது பாராசூட் பயிற்சிதான். ஹேங்கருக்குள் நிற்கும் கிளைடர், கீழே மெத்தை. கண்ணாடி மூடியைத் தள்ளு, பெல்ட்டைக் கழற்று, வெளியே விழு. மூன்றே வேலை. "இறக்கை போச்சு!" என்று அவர் கத்தினார். மூடியைத் தள்ளினேன். மார்பில் கைக்குக் கிடைத்த கொக்கியை அமுக்கிக் கழற்றினேன். எழ முடியவில்லை. குனிந்து பார்த்தால், நான் கழற்றியது பாராசூட்டின் கொக்கி. இருக்கை பெல்ட் கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே இருக்கிறது!

யாரும் கேலி செய்யவில்லை. "ஒவ்வொரு தடவையும் தரையிறங்கியதும் என்ன செய்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்தபடியே பாராசூட்டையும் கழற்றி இருக்கையில் விட்டுவிட்டு எழுந்து வருவேன். சுமை குறைகிறதே என்ற சோம்பல். இருபது முப்பது பறத்தலில் கை அதைத்தான் பாடம் பண்ணியிருந்தது. ஆபத்தில் யோசிக்க நேரம் ஏது, கைக்குத் தெரிந்ததைத்தான் கை செய்யும்.

அன்றிலிருந்து பாராசூட்டை முதுகில் சுமந்தபடியே இறங்கி, பத்தடி தள்ளிப்போய்த்தான் கழற்றுவேன். வெயிலில் எரிச்சலாக இருக்கும். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பயிற்சியை மறுபடி வைத்தார். கை தானாகச் சரியான பெல்ட்டுக்குப் போனது, மெத்தையில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் தனியாக மூன்று தடவை பறந்தேன். அங்கே ஒரு வழக்கம்: முதல்முறை தனியே பறந்தவருக்கு முள்செடிப் பூங்கொத்து, கூடவே எல்லோரும் வரிசையாக வந்து பின்புறத்தில் ஒரு அடி. மூன்றாவது தடவை இறங்கி, பாராசூட்டும் முதுகுமாக நடந்து வந்தேன். பயிற்றுநர் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் முதலில் பார்த்தார்.

"நல்லது. இப்போது கழற்றி வைத்துவிட்டு வந்து குனி."