ஆப்பை அழித்தால் ஆட்டோபே நிற்காது

ஒரு ஆப்பை போனிலிருந்து அழித்துவிட்டால் அதற்குப் போகிற பணமும் அதோடு நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். நிற்காது. ஆப் போனில் இருக்கிறதா என்பது வேறு விஷயம், மாதா மாதம் உங்கள் கணக்கில் கை வைக்க நீங்கள் கொடுத்த அனுமதி வேறு விஷயம். அந்த அனுமதிக்குத்தான் ஆட்டோபே என்று பெயர். வேலூர் சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கிற கடையில் இருக்கிறேன். மாதத்தின் முதல் வாரம் தாண்டினால் யாராவது ஒருத்தர் போனை நீட்டி, "இது யாரு புடிச்ச பணம், கொஞ்சம் பாரு" என்று வந்து நிற்கிறார்கள். அதனால்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற ஒரு அக்கா, விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்துப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். சம்பளம் ஏறிய மறுநாள் 299 ரூபாய் போயிருக்கிறது, அதற்கு முந்தின மாதமும் போயிருக்கிறது. "இன்னாம்மா இது, நான் யாருக்கும் அனுப்பலியே, வூட்ல பையனைக் கேட்டா அவனும் தெரியாதுன்றான்" என்றார். பார்த்தால், குட்டிக் குட்டிப் பாகங்களாக நாடகம் காட்டுகிற ஒரு ஆப். முதல் சில பாகங்கள் இலவசம், கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, ஒரு ரூபாய் கட்டினால் மீதியைப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறது. ஒரு ரூபாய்தானே என்று பின் போட்டிருக்கிறார். கொஞ்ச நாள் பார்த்தார், பிடிக்கவில்லை, ஆப்பை எடுத்துவிட்டார். யுபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே பகுதிக்குள் போனால் அதன் பெயர் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு ரூபாயைக் கொட்டை எழுத்திலும் 299-ஐப் பொடி எழுத்திலும் போட்டவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும், நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து அரை மணி நேரம் நாடகம் பார்த்தவர் இல்லை.

பின் போடுவதற்கு முன்னால் வரும் திரையை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள், அதில் எல்லாமே இருக்கும். காய்கறிக் கடையில் ஸ்கேன் பண்ணும்போது கடைக்காரர் பெயரும் தொகையும் மட்டும்தான் வரும். ஆட்டோபே என்றால் அதோடு கூட, அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாளுக்கு ஒரு தடவை எடுக்கலாம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று மூன்று நான்கு வரி சேர்ந்து வரும். இன்றைக்கு எடுப்பது ஒரு ரூபாயாக இருக்கும், ஆனால் அதிகபட்சத் தொகை ஆயிரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள், முடிகிற தேதி இருபது முப்பது வருடம் தள்ளி இருக்கும். தொகைக்குப் பக்கத்தில் ஆட்டோபே, மேன்டேட் என்ற வார்த்தையைப் பார்த்தீர்களானால், நீங்கள் இப்போது பணம் கட்டவில்லை, அவர்கள் இனிமேல் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுக்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் இதில் நம் பக்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி 2021 அக்டோபர் 1-லிருந்து முழுசாக நடைமுறையில் இருக்கிறது: முதல் தடவை ஓடிபி அல்லது பின் போட்டு நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம் ஒவ்வொரு தடவையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும், வேண்டாம் என்றால் நிறுத்த வழி இருக்க வேண்டும். ஆரம்பத்தில் 5,000 ரூபாய் வரைதான் மறுபடி பின் கேட்காமல் எடுக்கலாம் என்று இருந்தது, 2022 ஜூனில் அதை 15,000 ஆக்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் 15,000 என்பது நிறைய வீடுகளில் முழு மாதச் சம்பளம், அதை நினைத்துத்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. அந்த 24 மணி நேரத் தகவல் வருகிறது, வராமல் இல்லை. ஆனால் அது ஆங்கிலத்தில், லோன் வேணுமா, ஆபர் வேணுமா என்று வருகிற மற்ற மெசேஜ்களுக்கு நடுவில் புதைந்துபோகிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் அதை எங்கே கண்டுபிடிப்பார்?

இப்போது எங்கே தேடுவது என்ற விஷயத்துக்கு வருகிறேன், பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். ப்ளே ஸ்டோரில் பார்த்தேன், ஒன்றும் இல்லை, ஆனாலும் பணம் போகிறது என்பார்கள். ஏனென்றால் அனுமதி ஒரே இடத்தில் பதிவாகிறதில்லை. ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ளே போனால் தெரியும். ஒரே போனில் இரண்டு மூன்று ஜிமெயில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மாறி மாறிப் பார்க்க வேண்டும், பழைய மெயிலில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஆப்காரர்கள் நேராகவே யுபிஐ வழியாக வாங்கியிருந்தால் ப்ளே ஸ்டோரில் சுவடே இருக்காது, யுபிஐ ஆப்பில் ஆட்டோபே அல்லது மேன்டேட் என்ற பகுதியில்தான் இருக்கும். யுபிஐயை நடத்துகிற என்பிசிஐ என்ற அமைப்பு 2020 ஜூலையில் யுபிஐ ஆட்டோபேயைக் கொண்டுவந்தது, அதன் பிறகு இந்த நேர்வழிதான் பெருகிப்போயிருக்கிறது. இரண்டு யுபிஐ ஆப் வைத்திருக்கிறவர்கள் இரண்டிலும் பாருங்கள். கார்டு கொடுத்திருந்தால் அது மூன்றாவது இடம், உங்கள் வங்கியின் நெட் பேங்கிங்கிலோ வங்கி ஆப்பிலோ கார்டு பகுதிக்குள் தேட வேண்டும், தெரியவில்லை என்றால் கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு போன் பண்ணிக் கேளுங்கள்.

நிறுத்துவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சந்தாவை கேன்சல் பண்ணுங்கள், அப்புறம் யுபிஐயில் மேன்டேட்டை ரத்து பண்ணுங்கள். மேன்டேட்டை மட்டும் ரத்து பண்ணினால், ஆப்காரர்களைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் சந்தாதாரர்தான், பணம் வரவில்லை, பணம் கட்டும் வழியைச் சரிபண்ணுங்கள் என்று நச்சரிப்பு வந்துகொண்டே இருக்கும், அந்த நச்சரிப்பில் வீட்டில் யாராவது வேறு கார்டைப் போட்டுவிடுவார்கள். கேன்சல் பண்ணின பிறகும் பெரும்பாலும் கட்டின காலம் முடியும்வரை ஆப் வேலை செய்யும், அதனால் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ப்ளே ஸ்டோரில் இன்னொன்று இருக்கிறது, பலருக்கு இது தெரியவில்லை. ஒரு சந்தாவுக்கு முதன்மை வழி ஒன்று, மாற்று வழி ஒன்று என்று இரண்டு பேமென்ட் வைத்துக்கொள்ள முடியும். முதன்மைக் கணக்கில் பணம் இல்லை என்றால் மாற்று வழியில் முயற்சி பண்ணும். "அந்த அக்கவுண்ட்ல காசே வெக்கல, எப்படிப் போகும்" என்று தைரியமாக இருந்த ஒரு தம்பிக்கு அப்படித்தான் அம்மாவின் கார்டிலிருந்து போயிற்று, எப்போதோ ஒரு அவசரத்துக்கு அவன் அதைச் சேர்த்து வைத்தது. அந்தந்த சந்தாவைத் தொட்டு மேனேஜ் என்பதற்குள் போனால் இரண்டும் தெரியும். வேண்டாத கார்டை எடுக்கப் பார்த்தால் சில நேரம் எடுக்க விடாது, ஏதோ ஒரு சந்தா அதன் மேல் ஓடுகிறது என்று அர்த்தம். அதை நிறுத்துங்கள், அல்லது வேறு வழியைச் சேர்த்து அதற்கு மாற்றிவிட்டு இதை எடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சம்பளமோ பென்ஷனோ வருகிற கணக்கை எந்த ஆப்புக்கும் காட்டாதீர்கள். தனியாக, குறைந்தபட்ச இருப்பு கேட்காத ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, யுபிஐயில் அதைச் சேர்த்து, ஆப், சினிமா, பாட்டு, பையனின் விளையாட்டு எல்லாவற்றையும் அதில் மட்டும் கட்டுங்கள். மாதத்துக்கு இருநூறோ முந்நூறோ அதில் போட்டால் போதும். நம் வீட்டில் அம்மாக்கள் அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைத்த காசு மாதிரிதான் இது, அதில் இருக்கிற அளவுக்குத்தான் செலவு, தீர்ந்தால் தீர்ந்தது. ஒரு கெட்டிக்கார ஆப் வந்து ஏமாற்றினாலும் போவது அந்த முந்நூறுதான், வீட்டு வாடகை இல்லை. புதுக் கணக்குத் திறக்க அலுப்பாக இருக்கிறது என்கிறார்கள். ஆதார், பான் கையில் இருந்தால் பெரிய வேலை இல்லை, கடைக்கு வந்தால் நானே கூட உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுத் தருகிறேன்.

பிள்ளைகள் கையில் போன் கொடுக்கிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் வாங்கும்போதெல்லாம் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம், முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை என்பது வேண்டாம், ஒவ்வொரு தடவையும் என்றே வையுங்கள். பிள்ளைக்கு யுபிஐ பின் தெரியாது என்று நம்பாதீர்கள், நம் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே அவர்களுக்கு மனப்பாடம். விளையாட்டுக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ப்ளே ஸ்டோர் கிப்ட் கோடு ஐம்பதுக்கோ நூறுக்கோ வாங்கிக் கொடுங்கள், கார்டும் வேண்டாம் யுபிஐயும் வேண்டாம். தெரியாமல் வாங்கிவிட்டான் என்றால் உடனே பதறி அவனை அடிக்காமல், 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் ரீஃபண்ட் கேளுங்கள். அதற்குள் கேட்டால் கூகுளே பார்க்கும், தாண்டினால் பெரும்பாலும் ஆப் செய்தவர்களிடம் போகச் சொல்வார்கள். அப்படித்தான் ஷூ கம்பெனி அக்காவுக்கும் ஆப்காரர்களுக்கே மெயில் போட்டோம், கடைசி 299 திரும்பி வந்தது, அதற்கு முந்தினது வரவில்லை.

ஐபோன்காரர்கள், குறிப்பாக காட்பாடி பக்கம் காலேஜ் பிள்ளைகள், ஆப் ஸ்டோர் ஏன் கார்டை ஏற்க மாட்டேன் என்கிறது என்று கேட்கிறார்கள். இந்த ரிசர்வ் வங்கி விதிகளை ஒட்டி 2022-ல் ஆப்பிள் இந்திய ஆப் ஸ்டோரில் கிரெடிட், டெபிட் கார்டு வாங்குவதை நிறுத்திவிட்டது, அதனால் யுபிஐ, நெட் பேங்கிங், ஆப்பிள் கணக்கில் முன்கூட்டியே போட்டு வைக்கும் இருப்பு என்று போக வேண்டியதாயிற்று. அந்த இருப்பில் போட்டு வைப்பது எனக்குப் பிடித்த வழி, ஆனால் போட்ட பணத்தை வங்கிக்குத் திருப்ப முடியாது, அளவோடு போடுங்கள். செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். இலவசக் காலம் முடிகிற நாளைக்குக் குறைந்தது ஒரு நாள் முன்னாலேயே கேன்சல் பண்ணிவிடுங்கள், கடைசி நாளில் பண்ணினால் பணம் போய்விடலாம்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் தருவது வேறு. பணம் போனதும் பதற்றத்தில் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடுகிறார்கள், முதலில் கிடைக்கிற நம்பருக்குப் போன் போடுகிறார்கள். எதிர்முனையில் நல்லா மரியாதையாக "சார், மேடம்" என்று பேசி, ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, நம் திரையை அங்கிருந்தே பார்த்து, ரீஃபண்ட் வர பின் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்குவதற்கு எந்தக் காலத்திலும் பின் தேவையில்லை. 299-ஐத் தேடிப் போய் கணக்கையே துடைத்துக் கொடுத்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். நம்பரை அந்த ஆப்பின் உள்ளேயோ வங்கி பாஸ்புக்கிலோ மட்டும் எடுங்கள். அப்படி ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

ஏமாற்று இல்லை, ஆனால் கேன்சல் பட்டனையே கண்ணில் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்கும் வழி உண்டு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கிறார்கள், சந்தாப் பொறியில் சிக்க வைத்து வெளியே வர விடாமல் செய்வது அதில் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். போன் பண்ணுவதற்கு முன்னால் யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்கக் குறிப்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ரூபாய் என்று காட்டின விளம்பரம், கேன்சல் பட்டன் இல்லாத பக்கம் இரண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதை அனுப்பத் தெரியவில்லை என்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள், அதற்குக் காசு எதுவும் வாங்க மாட்டேன்.