மாங்கன்றுப் பண்ணைத் தளமும் சைல்ட் தீமும்

கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சிறு வணிகங்களின் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் இணையதளங்களைப் பராமரிப்பது என் தொழில். சந்தூர்ப் பக்கத்து மாங்கன்றுப் பண்ணை ஒன்றின் தளத்தை முன்பு கவனித்தவர், பெங்களூரா, செந்தூரா, மல்கோவா என்று ரகவாரியான பட்டியலையும், பக்கத்தின் அடியில் வரும் வாட்ஸ்அப் எண்ணையும், தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் கோப்புகளிலேயே எழுதி வைத்திருந்தார். அவை அழிந்துவிடுமோ என்று அஞ்சி அப்டேட் பொத்தானை எவரும் தொடவே இல்லை. அச்சம் நியாயமானதே. தீமை அப்டேட் செய்யும்போது வேர்ட்பிரஸ் பழைய ஃபோல்டரை அடியோடு நீக்கிவிட்டுப் புதியதை வைக்கிறது. ஆனால், அப்டேட்டைத் தள்ளிப்போட்டால் பாதுகாப்புத் திருத்தங்களும் வந்து சேரா.

இதற்கான வழி சைல்ட் தீம்; அதாவது, மூலத் தீமை ('தாய்த் தீம்') சார்ந்து இயங்கி, நம் மாற்றங்களை மட்டும் தனியே வைத்திருக்கும் தீம். புதிய ஃபோல்டர் ஒன்றில், நிறம், எழுத்தளவு போன்ற தோற்ற விதிகளுக்கான (சிஎஸ்எஸ்) ஸ்டைல்.சிஎஸ்எஸ் கோப்பை வைத்து, அதன் தொடக்கத்தில் 'டெம்ப்ளேட்' என்ற வரியில் தாய்த் தீமின் ஃபோல்டர் பெயரை எழுத வேண்டும். திரையில் 'ட்வென்டி ட்வென்டி-ஒன்' என்று தெரியும் தீமுக்கு ஃபோல்டர் பெயர், சிறிய எழுத்துகளில், இடைவெளியில்லாத ஒரே சொல். எழுத்துப் பிசகினால், தாய்த் தீமைக் காணவில்லை என்று வேர்ட்பிரஸ் கைவிரித்துவிடும். ஒரே பெயருள்ள டெம்ப்ளேட் கோப்பு (பக்க அமைப்புக் கோப்பு) இரண்டு தீமிலும் இருந்தால் சைல்ட் தீமில் உள்ளதே செல்லும் என்பதால், பக்கத்தின் அடிப்பகுதிக்கான ஃபுட்டர்.பிஹெச்பியை அங்கே நகலெடுத்து வாட்ஸ்அப் எண்ணைச் சேர்த்தேன்; ரகப் பட்டியலும் அவ்வாறே இடம் மாறியது.

தீமின் செயல்பாடுகளுக்கான நிரல் வரிகள் உள்ள ஃபங்ஷன்ஸ்.பிஹெச்பி மட்டும் இந்த விதிக்கு உட்படாது. இரண்டுமே இயங்கும், அதிலும் சைல்ட் தீமுடையது முதலில் இயங்கும். ஆகவே தாய்த் தீமுடையதை அப்படியே நகலெடுத்து வைத்தால், ஒரே ஃபங்ஷன் (பெயரிட்ட நிரல் துண்டு) இருமுறை வரையறுக்கப்பட்டுத் தளமே முடங்கக்கூடும். நம்முடைய வரிகளை மட்டும் அதில் எழுதினால் போதும்.

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் கோப்புகளையும் நகலெடுப்பவர்களைப் பார்க்கிறேன். அதை நான் ஏற்பதில்லை. நகலெடுத்த கோப்பில் தாய்த் தீமின் பிற்காலத் திருத்தம் எதுவும் வந்து சேராது என்பதால், எந்த அபாயத்துக்காக அப்டேட் செய்கிறோமோ அதுவே அந்தக் கோப்பில் தங்கிவிடும். நிறம், எழுத்தளவு போன்ற சில்லறை மாற்றங்களுக்குச் சைல்ட் தீமே வேண்டியதில்லை. வேர்ட்பிரஸில் தோற்றத்தை மாற்றும் திரையான கஸ்டமைசரின் கூடுதல் சிஎஸ்எஸ் பகுதியில் எழுதுவது டேட்டாபேஸில் சேமிக்கப்படுவதால் அப்டேட்டில் அழியாது. கஸ்டமைசர் அமைப்புகள் தீம்வாரியாகச் சேமிக்கப்படுகின்றன; எனவே சைல்ட் தீமை முதன்முதலில் இயக்கியதும் லோகோவையும் மெனுவையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.