1965-ஐ கீபோர்டில் வாசித்துப் பார்க்கிறேன்

1965-ல் வந்த தமிழ்ப் படப் பாடல்களை, படங்கள் வெளியான வரிசையிலேயே கீபோர்டில் எடுத்துக்கொண்டு வருகிறேன். இந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன்–ராமமூர்த்தி கூட்டணி பிரிந்த ஆண்டு இது. 1952-ல் ‘பணம்’ படத்தில் தொடங்கிய கூட்டணி ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தது.

பொங்கலுக்கு வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் ஆரம்பித்தேன். ‘நான் ஆணையிட்டால்’ பல்லவி சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. ஏப்ரலில் வந்த ‘வெண்ணிற ஆடை’தான் என்னை நிறுத்தி வைத்தது. ‘என்ன என்ன வார்த்தைகளோ’ பாட்டில் சுசீலா அம்மாவின் குரலுக்குச் சமமாக பியானோவும் பேசிக்கொண்டே போகிறது. வலது கையில் மெட்டு, இடது கையில் கார்ட்ஸ் என்று பிடித்தால் பாட்டின் பாதிதான் கிடைக்கும். அதனால் மெட்டையே விட்டுவிட்டு, வேகத்தைக் குறைத்து வைத்து பியானோவை மட்டும் பழகினேன். இப்போது முதல் சரணம் வரை தடங்கல் இல்லாமல் வருகிறது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாடல்களைப் பழகுகிறவர்கள் பல்லவியோடு நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுடைய உழைப்பு இடையிசையில் இருக்கிறது.

ஜூலை மாதத்தைப் பாருங்கள். 9-ஆம் தேதி ‘ஆயிரத்தில் ஒருவன்’, 31-ஆம் தேதி ‘திருவிளையாடல்’. ஒரே மாதத்தில் ஒரு பக்கம் கப்பலும் கோரஸுமாக ‘அதோ அந்தப் பறவை போல’, இன்னொரு பக்கம் கே.வி. மகாதேவனின் ‘பாட்டும் நானே’. இரண்டையும் எழுதியவர் கண்ணதாசன், இரண்டிலும் குரல் டி.எம்.எஸ்.

‘பாட்டும் நானே’ கௌரிமனோகரி ராகம். மேளகர்த்தா எனப்படும் தாய் ராகங்களின் வரிசையில் 23-ஆவது. ‘ஸ’வை ‘சி’ கட்டையில் வைத்தால் சாதாரண காந்தாரம் (‘க’) மட்டும்தான் கறுப்புக் கட்டையில் வரும். மற்றபடி விரல்களுக்குச் சிரமமே இல்லை. சிரமமெல்லாம் கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் இடங்களில். கீபோர்டு கட்டையை அசைக்க முடியாது, எனவே சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்டு சக்கரத்தை ஒரு அரை சுரத்துக்குள் அடக்கி வைத்து, இடது கையால் லேசாக உருட்டிக்கொண்டே வாசிக்கிறேன். டி.எம்.எஸ். ஸ்வரங்களை அடுக்கும் இடம் இன்னும் பாதி வேகத்தில்தான் வருகிறது.

‘ஒரு நாள் போதுமா’வுக்கு ஒரு தனி நோட்டே போட்டிருக்கிறேன். ‘திருவிளையாடல்’ படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ராகமாலிகை, அதாவது பல ராகங்களைக் கோத்த பாட்டு. மாண்டில் தொடங்கி தோடி, தர்பார், மோகனம், கானடா என்று போகிறது. தோடியிலிருந்து அந்தந்த ராகத்தின் பெயர் அந்தந்த வரிக்குள்ளேயே வந்துவிடுகிறது. மோகனப் பகுதி ஐந்து சுரம் என்பதால் முதலில் அதைத்தான் முடித்தேன். தோடியைக் கீபோர்டில் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வரியை மட்டும் வாயால் பாடிவிட்டு, தர்பாரில் மறுபடி கட்டைக்கு வருகிறேன். கேட்க நன்றாகவே இருக்கிறது.

ஆண்டுக் கடைசிக்கு வந்தால் ‘குழந்தையும் தெய்வமும்’. இசை எம்.எஸ். விஸ்வநாதன் தனியாக. ‘அன்புள்ள மான்விழியே’வைத் தொடங்கியிருக்கிறேன், கடிதமும் பதிலுமாக அமைந்த வாலியின் பாட்டு. டி.எம்.எஸ். பகுதிக்கு ஒரு டோன், சுசீலா பகுதிக்கு ஒரு டோன் என்று மாற்றி வாசிக்கிறேன். பல்லவி முடிந்தது. சரணங்களை முடித்துவிட்டு, ‘திருவிளையாடல்’ படத்தில் விட்டுவைத்த ‘பொதிகை மலை உச்சியிலே’வுக்குப் போக வேண்டும்.